ஸ்கோர் எழுதாத நாடு

அக்டோபர் 9, திங்கள்

சென்னை விமான நிலையம். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வண்டி என்று எழுதிவிட்டேன், விமானம்.

நான் பார்க்கப் போகிற மூன்றாவது வெளிநாடு இது. டாக்காவுக்கும் கொழும்புக்கும் ஆட்டக்காரியாகப் போனேன். இப்போது நான் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர், ஆலங்குளம் பெண்கள் கபடிக் குழுவுக்கு மேனேஜராகப் போகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு நாட்டை அதன் பணத்தை வைத்து எடைபோடுவார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பத்திரிகையின் வணிகப் பக்கத்தைப் படித்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். எனக்கு வேறு அளவுகோல். தோற்ற அணியை எப்படி வழியனுப்புகிறார்கள் என்று பார்ப்பேன். டாக்காவில் எங்களை நார் நாராகக் கிழித்துவிட்டு, மறுநாள் ரயிலடிவரை வந்து வறுத்த மீன் பொட்டலம் கொடுத்தார்கள். கொழும்பில் தோற்றபோது, எங்கள் எதிரணிக் கேப்டன் என் சுளுக்கிய காலுக்குத் தன் கையால் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த நாடுகளில் எத்தனை கலவரம், எத்தனை விலைவாசி என்று செய்தி வந்தாலும் எனக்கு ஞாபகம் வருவது மீனும் எண்ணெயும்தான்.

இப்போது போகிற நாட்டின் பெயரை மூன்று விதமாகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே இருமல் மருந்துப் பெயர் மாதிரி இருந்ததால் அடித்துவிட்டேன். ஐரோப்பாவின் கிழக்கு மூலை. அங்கே 'தோழமைக் கோப்பை' என்று ஒரு போட்டி. ஏற்பாடு ஜெரால்டு. சென்னைக்காரர், வாயைத் திறந்தால் 'சிஸ்டர்', வாசனையான மனிதர். எனக்குச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கித் தந்திருக்கிறார்.

என் அணிப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு விசா வரவில்லையாம். அதற்குப் பதில் கல்பனா, தீபா என்று இரண்டு பேரை விமான நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வேலூர்ப் பக்கத்து கிளப் என்றார். இரண்டு பேருக்கும் நகம் நீளமாக, பாலீஷ் போட்டு இருந்தது. நகத்தோடு களத்தில் இறங்க விதி இடம் தராது. என் நகவெட்டியைக் கொடுத்தேன். கல்பனா அதை வாங்கிக்கொண்டு, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேட்டாள்.

நேற்று பஸ் ஏறும்போது பேச்சித்தாயின் அம்மா மாடத்தி வந்திருந்தாள். பீடித் தட்டை அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பாள் போல, விரலெல்லாம் தூள். "டீச்சர், ஒத்தப் பிள்ள. நீங்க கூட்டிட்டுப் போறிய, நீங்கதான் கூட்டிட்டு வரணும்" என்றாள். "என் பிள்ளை மாதிரி மாடத்தி, பயப்படாத" என்றேன். பேச்சி எங்கள் அணியின் பாட்டுக்காரி, ரெய்டுக்குப் போகிறவள். அவள் பாடிப் போனால் ஒன்றிரண்டு பேரைத் தொடாமல் கோட்டுக்குத் திரும்பியதில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். குளிர் எலும்பைத் தேடிப் போகிறது.

ஹோட்டல் என்றார்கள். ஊருக்கு வெளியே, மூடிப்போன ஏதோ தொழிற்சாலைக்குப் பக்கத்தில், தொழிலாளர்கள் தங்கின பழைய விடுதி. சுத்தமாகத்தான் இருக்கிறது. ஜன்னல்கள் திறக்கவில்லை, குளிர் நாட்டில் திறக்காதாம். வாசலில் தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய இரும்புக் கேட். அதன் பக்கத்தில் ஒரு நாய். நாங்கள் இத்தனை பேர் இறங்கியும் அது குரைக்கவில்லை. நிறையப் பேர் வந்துபோவதைப் பார்த்துப் பழகிய நாய்.

வேன் ஓட்டி வந்தவள் மார்த்தா என்ற உள்ளூர்க்காரி. சிரிக்காத முகம். ஒவ்வொரு பெண்ணையும் தோளைத் தொட்டு எண்ணினாள். நாங்கள் ஆட்டுச்சந்தையில் அப்படித்தான் எண்ணுவோம். பாஸ்போர்ட்டுகளை எல்லாம் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள். "பத்திரமா இருக்கும் சிஸ்டர், இங்க ரூல் அப்படி" என்றார் ஜெரால்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ரூல்.

அக்டோபர் 11, புதன்

பயிற்சி. பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் உள்ளரங்கம். ரப்பர் மேட் நன்றாக விரித்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கபடி விளையாடுகிற எவளும் நடுக்கோட்டைத் தொட்டு நெற்றியில் வைக்காமல் எதிர்க்களத்துக்குள் போகமாட்டாள். செம்மண் ஆனாலும் ரப்பர் மேட் ஆனாலும் ஒன்றுதான். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, சின்னதில் வருகிற பழக்கம். பேச்சி திரும்பி வந்த பிறகும் இன்னொரு முறை தொடுவாள். போகும்போது அனுமதி, வரும்போது நன்றி என்பாள்.

கல்பனா ஷூக்காலோடு அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்து என்னிடம், "இந்தக் கோடு எதுக்கு மேடம்?" என்றாள்.

என் பிள்ளைகள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பேச்சி என் காதுக்குள், "டீச்சர், இவ கபடியை டிவியிலகூடப் பாத்ததில்ல" என்றாள். "நகரத்துக் கிளப்பில் பழக்கவழக்கம் மாறும்டி, உன் வேலையப் பாரு" என்று அதட்டினேன். ரப்பர் மேட்டில் ஆடுகிறவர்களுக்கு மண்ணின் மரியாதை எல்லாம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். வேறென்ன நினைப்பது?

பயிற்சிக்குப் பிறகு கல்பனாவின் ஜெர்சி முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் ஓடவே இல்லை. இந்தக் குளிரில் அவ்வளவு வியர்க்கவும் வியர்க்காது. துண்டைப் போர்த்திக்கொண்டு கழிப்பறைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டு யாருடனோ போனில், "பாப்பா தூங்கிடுச்சா? புட்டிப்பால் குடிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஜெரால்டு, அடுத்த போட்டி ஜனவரியில், வெயில் நாடு, என் வீட்டுக்காரரையும் கூட்டி வரலாம் என்றார். நல்ல மனிதர்தான்.

அக்டோபர் 12, வியாழன்

மழை. ரசப்பொடி தீர்ந்தது.

அக்டோபர் 13, வெள்ளி

விடுதி வரவேற்பறையில் ஒரு டிவி, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று. இந்த நாடு நேற்று கால்பந்தில் பக்கத்துச் சின்ன நாட்டிடம் தோற்றுவிட்டது. வரவேற்பறைக் கிழவர் டிவியை அணைக்காமல் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். எனக்கு இந்த நாட்டின்மேல் வந்த முதல் பிரியம் அது. தோல்விக்கு வருத்தப்படத் தெரிந்த ஊர் கெட்டுப்போகாது என்று நினைத்தேன்.

பத்திரிகையை போனில் காட்டினால் தமிழில் மொழிபெயர்த்துத் தருகிறது, கொச்சையாகத்தான். விலைவாசி ஏறிவிட்டது. தேர்தல் வருகிறது. முதல் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்களை எல்லாம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். உள்பக்கத்தில், ஆப்பிள் பறிக்க ஆளில்லை, குளிர்பதனக் கிடங்குகளில் ஆளில்லை, பழம் தோட்டத்திலேயே அழுகுகிறது என்று செய்தி. இரண்டையும் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: 'அவங்களுக்குக் கை வேணும், ஆள் வேண்டாம். நீ சூதானமா இரு.' அவருக்கு எல்லாமே பொருளாதாரம்.

சாயங்காலம் முதல் ஆட்டம். எதிரணி ஏதோ மலைநாட்டிலிருந்து வந்த பெண்கள். அவர்களிலும் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. ஒருத்தி பாடிக்கொண்டே வந்து நடுவில் மூச்சு வாங்கிவிட்டுச் சிரித்தாள். பார்வையாளர்கள் என்று மார்த்தாவும், தடித்த சட்டை போட்ட இரண்டு ஆண்களும். அந்த இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, பெண்களின் தோளையும் இடுப்பையும் பார்த்தார்கள். கெட்ட பார்வை என்று சொல்ல முடியாது. மாடு வாங்குகிறவன் திமிலைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. ஆட்டம் முடிந்ததும் அதில் ஒருவர் பேச்சியிடம் கையை விரித்துக் காட்டச் சொல்லி, உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மார்த்தாவிடம் தலையாட்டினார்.

யார் ஜெயித்தது என்று ஜெரால்டிடம் கேட்டேன். சுவரில் ஸ்கோர் பலகை இருந்தது. ஆட்டம் முழுவதும் அதில் யாரும் ஒரு எண்கூட எழுதவில்லை.

அக்டோபர் 14, சனி

காலையில் கல்பனாவும் தீபாவும் இல்லை.

கல்பனாவின் கட்டிலில் ஜெர்சி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் என் நகவெட்டி. கடன் வாங்கியதைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"சொந்தக்காரங்க வீடு பக்கத்து ஊர்ல இருக்காம் சிஸ்டர். போயிருக்காங்க" என்றார் ஜெரால்டு.

"கைக்குழந்தைக்காரி. யாரிடமும் சொல்லாமலா?"

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் மாறவே இல்லை, அதே வாசனை, அதே சிரிப்பு. "டென்ஷன் ஆவாதீங்க சிஸ்டர். எல்லாருக்கும் நீங்கதான் மேனேஜர். விசா பேப்பர்ல உங்க கையெழுத்துதான் இருக்கு. ஏதாச்சும் பேச்சு கெளம்புச்சுன்னா மொதல்ல கேக்கறது உங்களைத்தான். ரிட்டயர் ஆவ எவ்ளோ வருஷம் இருக்கு?"

சக்கரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

பேச்சி என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படி உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"டீச்சர், ஆப்பிள் தோட்டத்துல வேல இருக்காம். ரெண்டு வருசம். மார்த்தாக்கா போன்ல தமிழ்ல எழுதிக் காட்டுனா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. உங்களக் கேக்கேன்."

"கேக்க என்னட்டி இருக்கு? கல்பனா எங்கட்டி? அந்தப் பிள்ள போன் ஏன் அடிக்க மாட்டேங்கு?"

"இங்க டவர் இருக்காதாம்."

"உங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரயில்வேல எடுக்கல. போலீஸ்ல முட்டில அடிபட்டதக் காட்டி வெளிய அனுப்பிட்டாவ. வார வருசம் வயசும் தாண்டிரும். நான் ஊருக்கு வந்து என்ன செய்யணும் டீச்சர்? அம்ம கூட உக்காந்து பீடி சுத்தவா? நீங்களே சொல்லுங்க."

அவள் கேட்டது நியாயம்தான். அதற்காகவே கோபம் வந்தது. வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். உன்னை யார் வளர்த்தது, யார் ஷூ வாங்கித் தந்தது என்றெல்லாம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் எழுந்து, "போவல டீச்சர். சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

பிறகு தனியாக நடந்து போனேன். கடைத்தெரு முனையில் போலீஸ் நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, மூடியிருக்கும் என்று திரும்பிவிட்டேன். உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு பெண் போலீஸ் காப்பிக் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தாள், கையைக்கூட அசைத்தாள். மொழி தெரியாமல் போய் என்ன சொல்வது? பாஸ்போர்ட்டும் என்னிடம் இல்லை. குளிர் வேறு.

அக்டோபர் 16, திங்கள்

கடைசி ஆட்டம். பேச்சி இப்படி ஆடி நான் பார்த்ததில்லை. நாலு பேருக்கு நடுவே மாட்டி, ஒருத்தி காலைப் பிடிக்க, ஒருத்தி இடுப்பைப் பிடிக்க, மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று முனகிக்கொண்டே ஊர்ந்து வந்து, விரல் நுனியால் கோட்டைத் தொட்டாள். பிள்ளைகள் கத்தின கத்தலில் அந்தத் தடித்த சட்டைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மார்த்தா தன் போனில் எதையோ குறித்துக்கொண்டாள்.

எங்களுக்குக் கோப்பை கொடுத்தார்கள். எதிரணிக்கும் அதே கோப்பை கொடுத்தார்கள்.

அக்டோபர் 17, செவ்வாய்

விடியற்காலையில் இரண்டு வேன் வந்தது. பெட்டிகளோடு சிலர் இரண்டாவது வேனில் வரட்டும் என்று மார்த்தா சொன்னதை ஜெரால்டு தமிழில் சொன்னார். நான் முதல் வேனில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பேச்சி இரும்புக் கேட் பக்கம் நடந்து போனாள். அங்கே மூன்றாவதாக ஒரு வண்டி, பின்பக்கம் தகரம் அடித்தது, விளக்குப் போடாமல் நின்றது. கேட்டின் தண்டவாளத்துக்கு முன்னால் அவள் குனிந்தாள். ஷூ நாடாவைக் கட்டுகிறாள் என்று நினைத்தேன்.

குனிந்தவள் தண்டவாளத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினாள்.

வேன் கிளம்பிவிட்டது. நிறுத்தச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

விமான நிலையத்தில் ஜெரால்டு கொடுத்த பாஸ்போர்ட்டுகளில் பேச்சியுடையது இல்லை. என்னுடையது இருந்தது. விமானம் ஏறினேன்.

அக்டோபர் 20, வெள்ளி

மாடத்தி வந்தாள். அங்கேயே ஒரு கிளப்பில் பேச்சியைப் பயிற்சிக்கு நிறுத்திக்கொண்டார்கள் என்று சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியவில்லை. "எங்கிட்டச் சொல்லாமலே எம்பிள்ள பெரிய ஆளாயிட்டா பாருங்க" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அங்க குளுராமே டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, போகும்போது இரண்டு முருங்கைக்காய் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரருக்கு நடந்தது தெரியும், நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கே போலீசுக்குப் போவோம்" என்றார். என் கையெழுத்து, என் வேலை, இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். காப்பி அப்படியே இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

ஜெரால்டு பேச்சியின் படம் அனுப்பினார். பின்னால் ஆப்பிள் பெட்டிகள், பெரிய கம்பளிக் கோட்டு, சிரிப்பு. இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். எதிரியைப் பார்த்தால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறவள் அவள். கையை ஒளித்து நின்று நான் பார்த்ததே இல்லை. மாடத்தியிடம் காட்டினேன். "மெலிஞ்சிருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

பேச்சியின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

நவம்பர் 4, சனி

வணிகப் பக்கத்தில் அந்த நாடு. ஆப்பிள் ஏற்றுமதி ஏறியிருக்கிறது, ஆள் பற்றாக்குறை சமாளிக்கப்பட்டுவிட்டது என்று ஐந்து வரி. வீட்டுக்காரர் அதைக் கிழித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஜெரால்டிடமிருந்து செய்தி: 'ஜனவரி டூர் கன்ஃபார்ம் சிஸ்டர். நல்ல திடமான பொண்ணுங்களா பாருங்க. ஆடத் தெரியணும்னு இல்ல.'

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மாடத்தி தென்காசியில் ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறாள். மெரூன் நிறம். எந்த அட்ரசுக்கு அனுப்புவது என்று கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன்.

நவம்பர் 14, செவ்வாய்

இன்று காலை மாடத்தி அட்ரசுக்காக வந்து உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. நீளமான நம்பர். எடுத்தேன். எதிர்முனையில் பேச்சே இல்லை. பெரிய மெஷின் ஒன்று ஓடுகிற இரைச்சல். அதற்குள்ளிருந்து, உதட்டை மூடிக்கொண்டு சொல்வது போல, மெல்ல, விடாமல், "கபடி கபடி கபடி கபடி..."

எதிர்க்களத்தில் மாட்டிக்கொண்டவள், எல்லாரும் சேர்ந்து அமுக்கிக்கொண்டிருக்கும்போது, இன்னும் மூச்சு விடவில்லை என்று சொல்கிற குரல் அது. எனக்கு அந்தக் குரல் தெரியும். "பேச்சி, எங்கட்டி இருக்க? ஊர்ப் பேரச் சொல்லு" என்றேன். அவள் நிறுத்தவில்லை. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்.

மாடத்தி போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். கேட்கக் கேட்க அவள் முகமெல்லாம் சிரிப்பு. "வெளாடிக்கிட்டு இருக்கா டீச்சர்! நமக்குக் கேக்கட்டும்னு போனப் போட்டுவுட்டுருக்கா!" என்றாள். எனக்கும் கேட்கிற மாதிரி போனை நடுவில் பிடித்தாள். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "கபடி... கப..." அதற்குப் பிறகு மெஷின் சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை.

மாடத்தி என்னைப் பார்த்தாள். "செயிச்சிட்டாளா டீச்சர்?"

பாடிப் போனவளை எதிரணி பிடித்துவிட்டால், நம் பக்கத்திலிருந்து யாரும் கோட்டைத் தாண்டிப் போய் இழுக்கக் கூடாது. அது ஆட்டத்தின் விதி. எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"செருப்பப் போடு மாடத்தி" என்றேன். "தென்காசிக்குப் போவணும். எஸ்.பி. ஆபீசுக்கு."

"அங்க எதுக்கு?"

"வழியில சொல்லுதேன்."

வீட்டுக்காரர் எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஜெரால்டு அனுப்பிய செய்திகளை எல்லாம் என் போனிலிருந்து எடுத்து ஒரு உறையில் போட்டு வைத்திருந்தார். எத்தனை நாளாக வைத்திருந்தாரோ.

இதை பஸ்ஸில் எழுதுகிறேன். அவர் முன்னால் நிற்கிறார். மாடத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஸ்வெட்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டுக்காரியிடம் மகள் வெளிநாட்டில் விளையாடுகிறாள் என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். பாவூர்சத்திரம் தாண்டிவிட்டது. நான் இன்னும் சொல்லவில்லை. தென்காசி வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.